அம்மா போகாத ஒரு பின்னேரம்

அம்மா காலமாகி இன்று பத்தொன்பதாவது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் உறவினர்கள், அயலவர்கள், நண்பர்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கவேண்டும் என்றால் இரண்டு நாட்களுக்குள் கட்டுரையை அனுப்பிவிடுங்கள் என்று யாழ்ப்பாணத்து அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். ஆகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படியான மலர்களைக் 'குடும்பத்தின் குத்துவிளக்கு அணைந்தது' என்றோ 'ஆலமரம் சாய்ந்தது' என்றோ தொடங்குவது வழக்கம். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அவரை ஆலமரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் இன்னும் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் இதைக் கவனித்தார்கள். "ஒருக்கால் வாய்விட்டு அழு பிள்ளை, இல்லாட்டி நெஞ்சை அடைச்சுப்போடும்" என்று இரண்டு மூன்று பேர் நல்ல மனத்தோடு சொன்னார்கள். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. அம்மா மேல் பாசமில்லாத மகள் என்று யாரும் நினைத்திருந்தால் அவர்களோடு எனக்குக் கோபமில்லை. வெளியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அம்மா போவதற்கு முன் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். தன் தொழிலில் விட்ட ஒரு பிழையையும், அதை மறைக்கச் சொன்ன ஒரு பொய்யையும் இந்த மலரில் எழுதவேண்டும் என்றார். கனடாவில் இருந்து வந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியத் திரும்பிப்போன என் தம்பி, எழுதவே கூடாது என்கிறான். அந்தப் பிழையால் தன் பிள்ளையை இழந்த தாய் இங்கே நெடுந்தீவில்தான் இருக்கிறார். நாளை காலை அவரிடம் போய்க் கேட்கப்போகிறேன். அவர் வேண்டாம் என்றால் இந்தப் பக்கங்களை எடுத்துவிடுவேன். அம்மா பிறந்தார், படித்தார், வேலை செய்தார், காலமானார் என்பதோடு மலர் முடிந்துவிடும்.

அம்மா பிறந்தது வேலணையில். புகையிலைத் தோட்டக்காரர் ஒருவருக்கு நான்காவது பிள்ளை. மூத்த மூவரும் ஆண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர்களோடு சேர்ந்து புகையிலைக்குத் தண்ணீர் கட்டவேண்டும். தோட்டத்து மண் நகத்துக்குள் போனால் எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது என்றும், பிள்ளைப்பேறு பார்க்கிற கையாக அதை மாற்றத் தனக்கு ஆறு மாதம் பிடித்தது என்றும் சொல்வார். சொந்தக்காரர்கள் ஆசிரியத் தொழிலுக்குப் போகச் சொன்னபோது குடும்பநல மாது, அதாவது மிட்வைஃப் பயிற்சிக்குத்தான் விண்ணப்பித்தார். ஏன் என்று கேட்டால், "ரீச்சர்மார் எங்கையும் இருக்கினம்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். நான் கணித ஆசிரியை.

முதல் நியமனமே நெடுந்தீவு. குறிகாட்டுவானில் படகு ஏறியதும் சத்தி எடுக்கத் தொடங்கி மாவிலித்துறையில் இறங்கும்வரை எடுத்தாராம். இரண்டு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று வேலணையில் சொல்லிவிட்டு வந்தவர். முப்பத்துமூன்று வருடம் இருந்து, இங்கேயே ஓய்வு பெற்றார். இடையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த எங்கள் அப்பாவைத் திருமணம் செய்தார். நானும் தம்பியும் பிறந்தோம். தம்பி பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போனார். அதன்பின் வீடும் வேலையும் அம்மா ஒருவரின் தலையில்தான். சுமந்தார் என்று எழுதினால் பெரிய சொல்லாக இருக்கிறது. செய்தார்.

நெடுந்தீவில் குடும்பநல மாதின் வேலை என்றால் பாதி வேலை கடலோடுதான். முதற்பிள்ளைக்காரிகளைத் திகதிக்கு இரண்டு கிழமை முன்னதாகவே யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும். சோளகக் காற்றுத் தொடங்கினால் படகு விடமாட்டார்கள். "பிள்ளைக்குக் கடல் தெரியாது, திகதிதான் தெரியும்" என்று அம்மா சொல்வார். போகமாட்டேன் என்று நிற்கும் பெண்களின் வீட்டில் தானே நின்று உடுப்புப் பையை அடுக்கிக் கொடுப்பார். தடுப்பூசி மருந்து ஐஸ் பெட்டியில் வரும். சண்டைக் காலத்தில் இறங்குதுறையில் கடற்படை அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னால், ஐஸ் போய்விடும், கெதியாகப் பாருங்கள் என்று சொல்லுமளவுக்கு அம்மா சிங்களம் பழகியிருந்தார். அவருக்குத் தெரிந்த முழுச் சிங்களமும் அவ்வளவுதான்.

ஒருமுறை படகிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அதைப் பலரும் அம்மாவின் வீரமாகச் சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் நினைவிருந்தது ஒன்றுதான். பிள்ளை வந்து, இன்னும் கொடி வெட்டவில்லை, தகப்பன் மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "மிட்வைஃப் அம்மா, நேரம் என்ன, நேரம் என்ன?" என்று கத்தினாராம். சாதகம் எழுத நேரம் வேண்டும். அம்மா முதலே மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருந்தார். "நிமிசம் பிழைச்சால் பிறகு கலியாணம் பொருந்தேல்லை எண்டு என்னைத்தான் பேசுவினம்" என்பார்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டுக்காரர் மிளகு, மல்லி அரைத்துக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்கை அம்மா தடுத்ததில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பார். ஆனால் பத்தியம் என்று சொல்லி அவர்களைப் பட்டினி போட்டால் மட்டும் மாமிமாரோடு சண்டைக்கு நிற்பார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறை. நீங்கள் சாப்பிட்டால் அவவுக்குப் பால் வராது" என்று ஒரு மாமியிடம் சொல்லி, அந்த வீட்டார் மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. பிள்ளைக்குச் சீனித்தண்ணி பருக்கினால் இன்னும் மோசம். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடுவார். தாய் குளிக்கப் போகும் நேரம் தகப்பனின் நெஞ்சில் கட்டுவார். மாடு பார்க்கிற பெரிய பெரிய ஆம்பிளைகள் நெஞ்சில் பிள்ளையைக் கட்டியபடி, யாரும் பார்க்கிறார்களோ என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பதை நான் சிறுமியாய் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

இனி நான் எழுதவேண்டிய விடயத்துக்கு வருகிறேன். அதற்கு, கிளினிக்கில் அம்மா பிள்ளைகளை எடை நிறுத்த முறையைச் சொல்லவேண்டும்.

மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுப்பார்கள். கூரை வளையில் தராசு தொங்கும். தாய்மாரும் மாமிமாரும் மர வாங்கில் வரிசையாக இருப்பார்கள். ஒருத்தியின் பிள்ளை இன்ன எடை என்று சத்தமாகச் சொன்னால் பெரிய வில்லங்கம். கூடின பிள்ளைக்கு நாவூறு படும். குறைந்த பிள்ளையின் தாய்க்குப் பேச்சு விழும். அம்மா வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் "பிள்ளைக்கு நிறை காணாது, குறைவு" என்று சொல்லிவிட்டார். அந்த மாமி வழி நெடுகப் பேசிக்கொண்டு போக, அந்தப் பெண் அழுதழுது பாலும் குறைந்துபோனதாம். அதன்பின் அம்மா எடையை வாயால் சொல்வதை விட்டுவிட்டார். அட்டையில் குறிப்பார். மூடுவார். எந்தப் பிள்ளைக்கும் ஒரே சொல்தான்: "பரவாயில்லை." குண்டுப் பிள்ளைக்கும் அதுதான், நோஞ்சான் பிள்ளைக்கும் அதுதான்.

பிள்ளையில் ஏதும் குறை தெரிந்தால் அன்று பின்னேரமே சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போவார். மாமி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரம் பார்த்துத் தாயிடம் மெல்லச் சொல்வார். என்ன கொடுப்பது, எத்தனை தரம் பால் கொடுப்பது, எப்போது திரும்பக் காட்டுவது என்று எல்லாம் சொல்லிவிட்டு வருவார். இது ஊருக்கே தெரியும். நிறுத்த அன்று பின்னேரம் மிட்வைஃப் அம்மாவின் சைக்கிள் வாசல் படலைக்கு வந்தால் பிள்ளையில் ஏதோ குறை. வராவிட்டால் பிள்ளை சுகம். யாரும் எழுதி வைத்த விதியில்லை. ஆனால் தாய்மார் அட்டையைப் பார்ப்பதை விட்டுப் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, ஒரு கிளினிக் நாளில், மேற்குப் பக்கத்தில் இருந்து ஒரு இளம்தாய் தன் முதற்பிள்ளையைக் கொண்டுவந்தார். நான்கு மாதப் பெண்பிள்ளை. முந்தைய மாதம் ஏறவேண்டிய எடை ஏறவில்லை. இந்த மாதம் இறங்கியிருந்தது. அம்மா குறித்தார். மூடினார். "பரவாயில்லை" என்றார். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் அம்மா அந்த வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் விடிய ஊர்காவற்றுறையில் கூட்டம். முதல் படகில் போனார். போன இடத்தில் காற்று எழும்பிவிட்டது. நான்கு நாள் படகு ஓடவில்லை. அந்த நாட்களில் பிள்ளைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தது. தாய் உடனே கொண்டு ஓடவில்லை. சைக்கிள் வரவில்லை, ஆகவே பிள்ளை சுகம், இது சும்மா காய்ச்சல் என்று ஒன்றரை நாள் வீட்டில் வைத்திருந்தார். பிறகு வைத்தியசாலையில் இருந்தவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கடல் விடவில்லை. ஏற்கனவே மெலிந்திருந்த பிள்ளை, தாங்கவில்லை.

அம்மா மாவிலித்துறையில் இறங்கும்போதே செய்தி சொன்னார்கள். வீட்டுக்கு வராமல் கையில் பையோடு நேரே அங்கே போனார். தாய் கேட்ட ஒரே கேள்வி, "நீங்கள் அண்டைக்கு வரேல்லையே அம்மா?" என்பது. அம்மா, "சைக்கிள் ரயர் போட்டுது பிள்ளை" என்றார். பிறகு வந்து விசாரித்த மேலதிகாரிகளிடமும் அதையே சொன்னார். ரயரில் காற்றுப் போனதற்கு யாரைக் குற்றம் சொல்வது? விசாரணை அதோடு முடிந்தது. நானும் அந்த ரயர்க் கதையை இருபத்துநான்கு வருடம் நம்பினேன்.

அடுத்த கிளினிக்கில் இருந்து அம்மா முறையை மாற்றினார். ஒவ்வொரு தாயாகப் பின்னறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, எடையைச் சொல்லி, அதைத் தாயின் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். மதியத்தோடு முடிகிற கிளினிக் மூன்று மணி தாண்டியது. "பள்ளிக்கூடம் மாதிரிப் பாடமாக்கச் சொல்லுறா" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பின்னேரச் சைக்கிளும் நிற்கவில்லை. குறையில்லாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகத் தொடங்கினார். 'பரவாயில்லை' என்ற சொல்லை அதன்பின் அம்மாவின் வாயில் நான் கேட்டதில்லை. கறிக்கு உப்பு எப்படி என்று கேட்டாலும் காணும் அல்லது காணாது, இரண்டில் ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற பிறகு அம்மா பதினொரு வருடம் இருந்தார். காலையில் கோழிக்குத் தீன் போடுவார், பத்திரிகை வாசிப்பார், எனக்குக் கலியாணம் பேசுவார். கடைசியில் கோழிக்கும் பத்திரிகைக்கும் மட்டும் நேரம் ஒதுக்கினார். சென்ற வருடம் இதயம் பலவீனமாகிவிட்டது என்று யாழ்ப்பாணத்தில் சொன்னார்கள். கடைசியாக ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி வைத்திருந்து பயனில்லை என்று தெரிந்ததும், தன்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். படகு வாங்கில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். முதல் நாள் வந்தபோது எடுத்த சத்தியை இந்த முறை எடுக்கவில்லை என்று தானே சொன்னார்.

வீட்டில் ஒன்பது நாள் இருந்தார். நான்காம் நாள் காலை ஒன்பது மணியளவில் நான் அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"நான் செத்தாப்பிறகு புத்தகம் அடிப்பாய்தானே?" என்றார்.

"இப்ப ஏனம்மா உந்தக் கதை?"

"அடிப்பியோ, இல்லையோ?"

"அடிப்பன்."

"அதிலை எழுது. ரயர் போகேல்லை எண்டு எழுது."

எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று கிளினிக் முடிந்து வந்து முழுகினார். சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு வெளிக்கிடவேண்டியதுதான். "அலுப்பாய்க் கிடந்தது. நீங்கள் ரண்டுபேரும் புட்டு வேணும் எண்டு நிண்டனியள். நாளைக்குக் கூட்டத்தாலை வந்து போவம் எண்டு இருந்திட்டன்."

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருக்கக் காரணம், பின்னேரங்களில் அம்மா வீட்டில் இருப்பது அபூர்வம். சுடச்சுடப் புட்டு அவித்து, மாம்பழம் வெட்டி, எங்களோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டார். தம்பி பள்ளிக்கூடத்து அதிபர் போல நடந்து காட்டினான். அம்மாவுக்குச் சிரித்துப் புரைக்கேறியது. சின்ன வயதில் சந்தோசமாக இருந்த நாள் எது என்று யாரும் என்னைக் கேட்டிருந்தால் நான் அந்தப் பின்னேரத்தைத்தான் சொல்லியிருப்பேன். அது எந்த நாளின் பின்னேரம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

"அவவை இஞ்சை கூட்டிக்கொண்டு வாறன் அம்மா. நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

"எனக்கு ஏலாது."

தன்னைப் பற்றி அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "நான் வாயாலை சொன்னால் அவ என்னை ஆறுதல்படுத்தத் தொடங்கியிடுவா. சாகக் கிடக்கிற ஆளை ஆர் ஏசிப் பேசுவினம்? எழுத்திலை போடு. நான் இல்லாத நேரம் அவ வாசிக்கட்டும், பேசவேணும் எண்டால் பேசட்டும்" என்றார். மிச்சத் தலையையும் சீவி முடித்தேன். ஐந்து நாள் கழித்து, மத்தியானம், பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா போனார். அது தெரியாமல் நான் ஒரு பந்தி கூடுதலாக வாசித்துவிட்டேன்.

தம்பி நேற்றும் தொலைபேசியில் சொன்னான். "அக்கா, எத்தினை பிள்ளையளைப் பாத்தவ அம்மா! அந்த ஒண்டைப் போட்டு எல்லாத்தையும் பழுதாக்கப் போறியோ? ஆக்கள் புத்தகத்தை வைச்சுக்கொண்டு என்ன கதைப்பினம்?" அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புட்டு வேண்டும் என்று நின்றது நாங்கள்தான் என்பதை அவனுக்கு நான் சொல்லவில்லை. இதை வாசிக்கும்போது அவனும் அறிந்துகொள்வான். மன்னித்துக்கொள், தம்பி.

நாளை காலை போகிறேன்.

இது இருபதாம் நாள், பின்னேரம் எழுதுவது. போய்வந்துவிட்டேன்.

அவருடைய வீடு மேற்கில், கல்வேலி கட்டிய வளவு. மாடுகள் நிற்கின்றன. அந்தப் பிள்ளைக்குப் பிறகு பிறந்த மகனும் மகளும் வளர்ந்துவிட்டார்கள். இருவருக்கும் கணிதம் படிப்பித்தது நான்தான். அதனால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். செத்தவீட்டுத் துடக்கோடு இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதால் படலைக்கு வெளியில் நின்று கூப்பிட்டேன்.

"உள்ளுக்கு வாங்கோ ரீச்சர்" என்றார்.

"துடக்கு அக்கா. இதிலை நிண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

"என்ரை வீடு துடக்காய்க் கிடக்கேக்கை எல்லாம் உங்கடை அம்மா உள்ளுக்கு வந்தவ. வாங்கோ."

போனேன். அவர் கன்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் யோசித்தது ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அம்மா கடைசியிலை ஒரு விசயம் சொன்னவ. மலரிலை எழுதச் சொன்னவ. உங்களுக்குச் சொல்லாமல் எழுத ஏலாது. அண்டைக்குச் சைக்கிள் ரயர் போகேல்லை. அவ அலுப்பிலை வீட்டிலை இருந்திட்டா."

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். இழுத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அண்டைக்குப் பின்னேரம் நான் சங்கக்கடைக்கு வந்திட்டு உங்கடை வீட்டடியாலைதான் போனனான். சைக்கிள் வேலியிலை சாத்திக் கிடந்தது. ரண்டு ரயரும் காத்தோடை. உள்ளுக்கை நீங்கள் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சந்தோசமாய் வீட்டை போனன் ரீச்சர். சைக்கிளும் சரி, அவவும் வீட்டிலை நிக்கிறா. அப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லை எண்டு."

கன்று கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பிறகு அவ வந்து ரயர் எண்டு சொன்னபோது நீங்கள் ஏன் ஒண்டும் கேக்கேல்லை அக்கா?"

"பிள்ளையைத் தாட்டிப்போட்டு இருக்கிறன். அந்த நேரம் சைக்கிளைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?"

"அதுக்குப் பிறகும் ரண்டு பிள்ளையளையும் அம்மாவிட்டைத்தானே காட்டினியள்?"

"இந்தத் தீவிலை வேறை ஆர் இருந்தவை? அதோடை, ஒருக்கால் பிழை விட்ட ஆள் திருப்பி விடாது எண்டும் நினைச்சன். விடேல்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்த நேரம் மூண்டு நாள் இஞ்சைதான் நிண்டவ. ஆனால் என்ரை முகத்தைப் பாக்கமாட்டா. பிள்ளையைத்தான் பாப்பா."

"நீங்கள் ஒருக்கால் சொல்லியிருக்கலாம் அக்கா, தெரியும் எண்டு. இருபத்துநாலு வருசம் அவ அதைச் சுமந்துகொண்டு திரிஞ்சவ."

"அவவும் ஒருக்கால் சொல்லியிருக்கலாம் ரீச்சர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நானும் ஒண்டைச் சுமந்துகொண்டுதான் திரிஞ்சனான்."

அது சரிதான் என்றேன். அம்மா சொன்னது போல அவர் ஏசிப் பேசவுமில்லை, அம்மா பயந்தது போல ஆறுதல்படுத்தவுமில்லை. உள்ளே போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். துடக்குக்காரிக்கு என்று தனிக் கோப்பை எடுக்கவில்லை. நான் குடித்து முடியும்வரை முன்னால் இருந்தார்.

பிறகு, எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனால் நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு எழுதிப்போடாதேங்கோ. நான் அப்பிடிச் சொல்லேல்லை. கோவமாய் இருக்கிறன் எண்டும் எழுதாதேங்கோ. அதையும் நான் சொல்லேல்லை."

"ஓம் அக்கா."

"இன்னொண்டு." இதைச் சொல்லும்போதுதான் அவர் முதன்முறையாக என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தார். "சின்னப்பிள்ளை எண்டு அந்தியேட்டி செய்யேல்லை. திவசமும் இல்லை. படம் ஒண்டும் எடுக்கேல்லை, பிறகு எடுப்பம் எண்டு இருந்தது. புத்தகமும் ஆர் அடிக்கிறது? அவளின்ரை பேரை ஒரு இடத்திலையும் நான் அச்சிலை காணேல்லை. உங்கடை அம்மாவின்ரை புத்தகத்திலை அதைப் போடுவியளோ?"

போடுகிறேன் என்றேன். வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் அழுகை வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இதை எழுதி முடிக்கும்போதாவது வரும் என்று நினைத்தேன், அதுவுமில்லை. என்றைக்கோ ஒருநாள் வரும். அன்று நான் இருப்பது வகுப்பறையாக இல்லாமல் இருந்தால் போதும்.

அம்மாவைப் படகில் கொண்டுவந்த நாள், அலை அடிக்காமல் மெதுவாக ஓட்டிய ஓட்டிக்கும், தங்கள் இருக்கையை அம்மாவுக்கு விட்டுக் குறிகாட்டுவானில் இருந்து நின்றபடியே வந்த பயணிகளுக்கும் எங்கள் நன்றி. ஐந்து கிழமையும் அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களும் தாதியரும், தங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்று அறிந்ததும் இரண்டு தரம் கூடுதலாக வந்து பார்த்தார்கள். அதை மறக்கமாட்டோம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் எட்டாம் நாள்வரை சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், பந்தல் போட்டு, பாடை கட்டி, தோளில் காவிச் சென்ற இளைஞர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். காவியவர்களில் நான்குபேர் அம்மா நிறுத்த பிள்ளைகள். வெளிநாடுகளில் இருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலரின் முதற்பிரதி மேற்குக்குப் போகிறது. அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தத் தாய்க்கு நாங்கள் நன்றி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கேட்டதை மட்டும் செய்கிறோம்.

பிள்ளையின் பெயர் சாருமதி. நான்கு மாதமும் பதினொரு நாளும் இருந்தாள்.